எழுத மறுத்த நினைவுப்பொறி

"அத்தனை பேர் முன்னாடியும்—"

"தப்புதாங்க, நான் வேணும்னு—"

"என்னைப் பேச விடு உமையா! என் தங்கச்சி வீட்டுல, அவ மாமனார் மாமியார் முன்னாடி—"

"பரீட்சையில தவறினதைச் சொல்லிட்டேன். தெரியும்ங்க."

"உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்! இந்த ஊர்ல வேற ஒருத்தருக்கும்—"

"ஒருத்தருக்கும் தெரியாது. கூடப் பிறந்தவளுக்குக்கூடத் தெரியாது."

வைரவநாதன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். தன் வாயில் வரவேண்டியதை இவள் எப்படி முந்திக்கொண்டு சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. உமையாளுக்கு விளங்காமல் என்ன? விழிப்பு மணி அடித்ததும் இதே சண்டையை அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு மட்டும் அது ஒவ்வொரு நாளும் முதல் தடவை.

நிலாவின் தென்முனையில், வெண்புலம் குடியிருப்பில் வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் காதுக்குப் பின்னால் நினைவுப்பொறி உண்டு. அங்கே அடிக்கும் கதிர்வீச்சு, உறங்கி எழுவதற்குள் மூளையில் இருக்கும் நினைவை அரித்துவிடும். அதனால் அன்றன்றைய நாளை, ஆள் உறங்கும்போது பொறி தனக்குள் எழுதிக்கொள்ளும். விழிக்கும்போது எழுதியதையெல்லாம் மறுபடி மூளைக்கு ஊட்டும். வைரவநாதனின் பொறி ஊட்டுவதைச் சரியாகவே செய்தது. எழுதுவதைத்தான் நிறுத்திவிட்டது. தங்கை சிவகாமியின் புதுமனை விழாவுக்குப் போய்வந்ததோடு அவருடைய நினைவு முடிந்திருந்தது.

அந்த விழாவில்தான் எல்லாம். சிவகாமியின் புதுக் காற்றுக்கூட்டைச் சுற்றிப் பார்த்த வைரவநாதன், "இந்தக் கதவு இணைப்பு சரியில்லைம்மா, மாத்தச் சொல்லு" என்றார். காற்றடைப்புப் பணியில் பதினைந்து வருஷம் இருப்பவர். சொல்லத் தகுதி உள்ளவர்தான். விருந்துக் களிப்பில் இருந்த உமையாள் சிரித்துக்கொண்டே, "இவர் பேச்சைக் கேட்டுடாதீங்க. மேற்பார்வையாளர் பரீட்சையில மூணு தடவை கோட் அடிச்சவராக்கும்!" என்று போட்டு உடைத்துவிட்டாள். பரீட்சையே எழுதவில்லை, பதவியில் ஆசையில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தபடியே நின்றார்.

வீடு திரும்பியபின் அவர் பேசவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, அவர் அயர்ந்து உறங்கியதும் பொறியில் கம்பியைச் செருகி, அந்த ஒரு மாலையை மட்டும் அழித்துவிடப் பார்த்தாள். அழிக்கத் தொடங்கும்போது அவர் புரண்டு படுத்தார். அவள் பதறிப்போய்க் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தச் சண்டை.

முதல் காலை அவளுக்கு நாக்கு குழறியது. அடுத்த காலை கொஞ்சம் தேவலை. போகப்போக, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எப்போது அவர் கையைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. "சிரிக்க வைக்கணும்கிற ஆசையில உங்களை வித்துட்டேங்க" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும். "சரி விடு உமையா, போகட்டும்" என்று தோளைத் தொடுவார். அவளும் அழுவாள். மனசு லேசாகிவிடும். உறங்கி எழுந்தால் அவர் அதே இடத்தில் இருப்பார், கொதித்துக்கொண்டு.

பொறிக்காரியைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். இப்படி நோகாமல் மன்னிப்புக் கிடைப்பது ஒருவிதத்தில் வசதியாகவே இருந்தது என்பதை அவள் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பணியிடத்திலும் யாரும் வாய் திறக்கவில்லை. விருந்தில் பட்ட அவமானத்தில் மனுஷர் தடுமாறுகிறார் என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனால் அன்று பணியிடத்தில், மூன்று நாள் முன்பு அடைத்துவிட்ட பழைய வாயிலை, அடைத்த நினைவே இல்லாமல் திறக்கப் போய்விட்டார் வைரவநாதன். அதற்கு அந்தப் பக்கம் காற்றே இல்லை. பக்கத்தில் இருந்தவர் கையைத் தட்டிவிட்டதால் தப்பினார்கள். பொறியைச் சரிபார்க்காமல் வேலைக்கு வரக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பொறிக்காரி ஜெசிந்தா கருவிப்பெட்டியோடு வந்தாள். வைரவநாதனை ஆழ்துயிலில் கிடத்தி, திரையை விரித்துப் பார்த்தாள்.

"வாசிப்பு நிலையில மாட்டிக்கிட்டு நிக்குது அக்கா. படிக்கும், எழுதாது."

"பொறி கெட்டுப்போச்சா?"

"அதெல்லாம் இல்ல. உள்ளுக்குள்ள ஓடுறது பழைய லினக்ஸ் மென்பொருள்தான். பூமியில கணினிக்குள்ள இருந்த காலத்துலயே இதுக்கு இந்தக் குணம் உண்டு. எழும்பும்போது கோப்பு அமைப்புல எங்கேயாவது பிசகு தெரிஞ்சா, இனி எழுதினா இருக்கிறதும் நாசமாயிரும்னு தானே பூட்டிக்கிடும்."

"அப்போ எழுதுன்னு ஒரு கட்டளை குடுத்துட வேண்டியதுதானே?"

"நல்லாச் சொன்னீங்க! பிசகை அப்படியே வச்சுக்கிட்டு எழுதச் சொன்னா, உங்க கல்யாணத்து மேலேயே நேத்துச் சாப்பாட்டை எழுதி வச்சிரும். முதல்ல அந்தப் பகுதியைக் கழட்டணும். உள்ள சரிபார்க்கணும். அப்புறம்தான் மாட்டணும்."

சொன்னபடியே கழற்றினாள். திரையில் வரிகள் ஓடின. ஒரு இடத்தில் ஜெசிந்தாவின் விரல் நின்றது.

"இது தானா வர்ற பிசகு இல்லையே. எழுத்து ஓடும்போது யாரோ பாதியில பிடுங்கியிருக்காங்க."

உமையாள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"தூக்கத்துல அவரே எதையாவது இழுத்திருப்பார்" என்றாள்.

"இழுத்திருப்பார், இழுத்திருப்பார்" என்றாள் ஜெசிந்தா, தலையைத் தூக்காமல். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது உமையாளுக்கு.

"விழா நினைவு முழுசா இருக்கு அக்கா, ஒண்ணும் சேதமில்ல. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் இல்ல. நீங்க பேசினது, அவர் பேசினது, எல்லாம் போச்சு. எதையாவது முக்கியமாச் சொல்லியிருந்தா, திரும்பச் சொல்லிக்கிடுங்க."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு. மனப்பாடமா இருக்கு."

"இனிமே சொல்றது நிக்கும். அவர் ஆயுசுக்கும்."

வைரவநாதன் விழித்தார். ஜெசிந்தா அவரிடம் தேதியைச் சொன்னாள். பொறி பூட்டிக்கிடந்ததையும், அவர் தினமும் ஒரே சண்டையைப் போட்டதையும் சொன்னாள். பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள். காற்றுக்கதவு மூடும் சத்தம் கேட்டது.

அவர் கத்தவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் உன்கிட்ட இதையே கேட்டேனாம்ல?"

"ஆமாங்க."

"நீ என்ன சொன்னே?"

இதோ, வாயில் தயாராக இருந்தது. எங்கே நிறுத்துவது, எப்போது கையைப் பிடிப்பது, எல்லாம் தெரியும். உமையாள் வாயைத் திறந்தாள். அவர் காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. சொன்னால் அது அங்கே ஏறிவிடும். இன்னும் முப்பது வருஷம் கழித்து ஏதோ ஒரு சண்டையில், "நீயே உன் வாயால ஒத்துக்கிட்டே" என்று ஒரு எழுத்துக் குறையாமல் திரும்பி வரும்.

"ஏதோ... சொன்னேங்க. இருங்க, பசியோட இருப்பீங்க."

விதையும் மண்ணும் நுண்ணுயிரும் குந்துமணி எடை பார்த்து நிலாவுக்கு ஏற்றி வந்தவர்கள், எடையே இல்லாத ஒரு வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் யாரும் தப்பு என்று வாயால் சொல்வதில்லை. கொஞ்சம் முறுகலாக, கொஞ்சம் நெய் கூட்டி, ஒரு தோசையைத் தட்டில் வைப்பார்கள். வாங்கிக்கொண்டால் சமாதானம்.

பாசிமாவு கல்லில் சுருசுருவென்று படர்ந்தது. உமையாள் முதுகைக் காட்டியபடியே நின்றாள். வைரவநாதன் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார். முதல் தோசையைத் தின்றார். இரண்டாவதையும் தின்றார். கையைக் கழுவாமல் காத்திருந்தார்.

"இப்போ நான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்குவேன் உமையா. அதனாலதான் கேக்குறேன். அன்னிக்கு அவங்க முன்னாடி ஏன் அப்படிச் சொன்னே?"

அவள் தோசைத் திருப்பியோடு திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு வைக்கட்டுங்களா?"