பால்நிற மூக்குப்பேணி

காலையில் கழுவித் துடைத்து வைத்த பேணியின் மூக்கு, நிரூபா மத்தியானம் வேலையால் திரும்பியபோது ஈரமாக இருந்தது. பென்டில் ஹில் புறநகரில் அந்த வீட்டில் அவள் தனியே இருப்பவள். விரலால் தொட்டு முகர்ந்தாள். பால்கஞ்சி.

பேணி விஜயா அன்ரியுடையது. பாலாடை நிறத்துப் பழைய மண்பாத்திரம். மேல்வாய் பாதி மூடியிருக்கும், பக்கத்தில் மூக்கு நீளும். அந்தக் காலத்து இங்கிலாந்து வீடுகளில் படுக்கையில் கிடந்தவர்களுக்குத் தலையைத் தூக்காமலே கஞ்சி பருக்க இப்படியான பேணிகள்தான் இருந்தனவாம். அன்ரியின் கணவர் பழம்பாத்திரம் சேர்த்தவர். அவர்களின் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டு அலுமாரியில் அதே நிறத்தில் பால் ஆறவைக்கும் அகலத் தட்டுகளும் ஜெலி அச்சுகளும் நிறைந்திருந்தன. பிளாஸ்டிக் கோப்பையை அன்ரி தள்ளிவிடுவாள். இந்தப் பேணிதான் வேண்டும்.

படுக்கையில் கிடந்த அவளைச் சம்பளத்துக்குப் பராமரிக்கப் போய்வந்தவள் நிரூபா. ஒருநாள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பேணியைச் சாய்த்தாள், அன்ரி கையைத் தட்டினாள், இன்னும் சாய்த்தாள். புரைக்கேறி முகம் நீலம் பாரித்தது. இருமல் அடங்கியதும் வாயைத் துடைத்துவிட்டு, 'நன்றாகச் சாப்பிட்டார்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஓடினாள். நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டி அன்ரி போய்விட்டாள்.

செத்தவீட்டில் மகள் பார்கவி, எல்லோரும் பார்த்திருக்கப் பேணியை நிரூபாவின் கையில் வைத்தாள்.

"பெத்த பிள்ளை நான் செய்யாததை நீங்கள் செய்தனீங்கள். இதை வைச்சிருங்கோ அக்கா."

நிரூபா தலைகுனிந்து வாங்கினாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூக்கு ஈரமாயிருந்ததற்கு மறுநாள் பேணி பாதி நிறைந்திருந்தது. ஊற்றிவிட்டுக் கழுவினாள். அதற்கு அடுத்த நாள் கஞ்சியில் சூடு இருந்தது. பட்டப்பகலில், பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின் நின்ற இடைவெளியில், படுக்கையறையிலிருந்து யாரோ சிரமப்பட்டு விழுங்கும் சத்தம் கேட்டது. பார்கவிக்கு ஃபோன் எடுத்தாள்.

"ஒருக்கா வந்து பேணியைக் கொண்டு போங்கோ. ஒண்டு சொல்லவும் வேணும்."

சனிக்கிழமை பார்கவி வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். நிரூபா வாயைத் திறந்தாள். வெட்கத்தில் தேத்தண்ணி போடத் திரும்பிக்கொண்டாள்.

"உள்ளுக்கை ஆர் அக்கா?"

"ஒருத்தரும் இல்லை."

"இருமிக் கேக்குது." பார்கவி எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அந்த இருமல் எனக்குத் தெரியும்."

கதவைத் தள்ளினாள். நிரூபா பின்னால் போனாள்.

ஜன்னல் நிறைய வெயில். கட்டிலில் யாருமில்லை. தலையணை மட்டும் ஒரு தலை அளவுக்குக் குழிந்திருந்தது. குழிக்குச் சற்று மேலே, வெறும் காற்றிலிருந்து, வெள்ளையாகக் கஞ்சி வழிந்தது. உதட்டோரம் வழிவதுபோல. போர்வை உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

"அம்மா," என்றாள் பார்கவி.

பிறகு மெல்லத் திரும்பி நிரூபாவின் கையைப் பார்த்தாள்.

நிரூபாவும் பார்த்தாள். பேணி. எப்போது எடுத்தாள்? கட்டிலருகே எப்போது வந்தாள்?

போர்வை துடித்தது. கை சாய்த்துக்கொண்டே இருந்தது.