கடைசி பீடிங்

இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய்!

வீட்டுக்காரர் மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி அது. கிச்சன் கப்போர்டு, படுக்கையறை வார்ட்ரோப், இடைவெளி தெரியாமல் இருக்க நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டிய மெல்லிய மரப்பட்டியான பீடிங்... புது வீட்டின் மர வேலை மொத்தமும் மேஸ்திரியின் மேற்பார்வை. வேலை முடிந்துவிட்டது. பணம்தான் வரவில்லை.

காலையில் போன் அலறியது.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, எண்ணெய்க் கையோடு எடுத்தார்.

வீட்டுக்காரரின் மனைவி. நேற்று சாயங்காலம் புது வீட்டைப் பார்க்கப் போன மனுஷன் திரும்பவே இல்லையாம். கார் வாசலிலேயே நிற்கிறதாம். போன் காருக்குள் கிடக்கிறதாம். போலீஸ் வந்தாச்சு, உடனே வரணும் என்றார்.

மேஸ்திரிக்கு ஆச்சரியமே இல்லை. வீட்டுக்காரர் மாயமாவதில் மன்னன். மேஸ்திரியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும்... போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். தச்சர்களோ, இந்த வாரமும் கூலி வரவில்லை என்றால் குடும்பத்தோடு மேஸ்திரி வீட்டில் குடியேறப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

'நான் கேட்டா ஓடுவாரு... இப்ப கேக்காமலே ஓடிட்டாரா?'

வழக்கம்போலக் கருவிப் பையை மாட்டி, அலுத்துக்கொண்டே கிளம்பினார்.

படுக்கையறையில் இன்ஸ்பெக்டர் வார்ட்ரோப் முன்னால் நின்றிருந்தார். அதன் வெள்ளைக் கதவில் ஒரு சிவப்புத் தீற்றல்...

ரத்தம்!

"இது யாரோடது?"

"என்னோடதுதான் சார். பீடிங் அடிக்கறப்ப சுத்தியல் கை மேல விழுந்துருச்சு." கட்டுப்போட்ட கட்டைவிரலை நீட்டினார் மேஸ்திரி.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

மேஸ்திரி மறைக்கவில்லை. பாக்கி கேட்கத்தான் வந்தார். கார் நின்றது, ஆள் இல்லை. தன்னிடமிருந்த சாவியால் திறந்து அறை அறையாகத் தேடினார். போகிற போக்கில் வார்ட்ரோபைத் திறந்தால், பின்பலகை ஒழுங்காக உட்காராமல் ஆடியது. தச்சன் ஆணியடிக்க மறந்துவிட்டான்! வந்த வேலை மறந்துபோனது. காசு வராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணுக்கு எதிரே இடைவெளி இருந்தால் மேஸ்திரிக்குச் சோறு இறங்காது. மிச்சமிருந்த பீடிங்கை எடுத்து, பலகையைச் சுற்றிப் பசை தடவி, இறுக்கி ஆணியடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்.

"காசு தராதவன் வீட்ல, ஆள் இல்லாத நேரத்துல, ஓசியில வேலை பார்த்திருக்கே. இதை நான் நம்பணும்?"

"என் பொண்டாட்டியும் நம்பலைங்க சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பணத்தை வைக்காமல் இந்த வீட்டில் எப்படிக் குடியேறுகிறீர்கள் பார்க்கிறேன் என்று போன வாரம் மேஸ்திரி போட்ட சத்தத்தை, பகலில் மட்டும் காவலுக்கு வரும் வாட்ச்மேன் ஏற்கெனவே ஒப்பித்திருந்தான். ரத்தம் இருக்கிறது. காரணம் இருக்கிறது. உடல்தான் பாக்கி...

கைவிலங்கு வெளியே வந்தது.

மேஸ்திரி முழங்காலைத் தடவிக்கொண்டார். வாதாட உடம்பில் தெம்பு இல்லை.

"ஸ்டேஷன்ல உக்கார நாற்காலி இருக்குமா சார்? முட்டி மடங்காது..."

அதுவரை விம்மிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று கைப்பையைத் திறந்தார். உள்ளே நோட்டுக் கட்டுகள்!

"அண்ணே... பீரோவுல இருந்ததை எடுத்துட்டு வந்துட்டேன். உங்க பாக்கி முழுசும் இருக்கு. அவரை எங்க அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

மேஸ்திரி விழித்தார். பணம் அவர் கையை நோக்கி நீண்டது... நெருங்கியது...

"குடுக்காதடி!"

குரல்!

வார்ட்ரோபுக்குள்ளிருந்து!

இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கிக்குப் பாய்ந்தது. மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டார். மேஸ்திரி மட்டும் அசையவில்லை. முழங்கால் விடவில்லை.

"யாரு... யாரது?" என்றார் மனைவி.

"நான்தாண்டி. பலகைக்குப் பின்னால இருக்கேன்."

பாத்ரூம் பைப்புகள் இறங்கும் சந்து அது. ஒரு ஆள் நிற்கலாம். மேலே திறப்பு, காற்றுக்குப் பஞ்சமில்லை. கடன்காரர்கள் வந்தால் ஒளிந்துகொள்ள வசதியாக, மேஸ்திரிக்குத் தெரியாமல் தச்சனிடம் சொல்லிப் பின்பலகையைக் கதவு மாதிரி வைக்கச் செய்திருந்தார் வீட்டுக்காரர். நேற்று ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் உள்ளே பாய்ந்தார். வெளியே சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது...

"ஆணி அடிக்கறப்பவே ஒரு குரல் குடுத்திருக்கலாமே சார்?" இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது.

உள்ளே ஒரு செருமல்.

"குடுத்தா... மேஸ்திரி பாக்கி கேப்பாரே."

மேஸ்திரி போன பிறகு தொண்டை கிழியக் கத்தினாராம். சுற்றிலும் காலி மனை. யார் காதிலும் விழவில்லை. விடிகிற நேரத்தில் அசந்து தூங்கிவிட்டாராம். விழித்தபோது முதலில் கேட்டது மேஸ்திரியின் குரல். மறுபடியும் வாயை மூடிக்கொண்டாராம்.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கைப் பைக்குள் போட்டார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பலகையையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டுக் கட்டுகளை மேஸ்திரியின் கையில் வைத்து அழுத்தினார்.

"மொதல்ல இதைப் பிடிங்கண்ணே."

உள்ளே யாரோ நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

மேஸ்திரி பணத்தை மடியில் முடிந்தார். இந்த வாரம் தச்சர்கள் அவரவர் வீட்டிலேயே தூங்குவார்கள். கருவிப் பையைத் தோளில் மாட்டி, நொண்டியபடி வாசலை நோக்கி நடந்தார்.

"யோவ், எங்கே போறே? பீடிங்கைப் பிரிக்க வேணாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஸ்திரி கொட்டாவி விட்டார்.

"இது அடிச்சதுக்குக் கூலி சார். பிரிக்கறதுக்குத் தனி ரேட்டு... அட்வான்ஸ் வாங்காம இனி இந்த வீட்ல உளியைத் தொட மாட்டேன்!"