கறுப்பு ஒயர் இல்லாத வீடு

சூலூர்ப் பக்கம் புதிதாக எழும்பிய அந்தக் குடியிருப்பில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. திட்டாமல் இல்லை, காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தணிப்பான் இருந்தது. குரல் ஓர் அளவைத் தாண்டி உயர்ந்ததும் அது அந்த ஒலியலையைப் பிடித்து, மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் திருப்பி ஸ்பீக்கர் வழியாக அனுப்பும். இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும். வாய் அசையும், சத்தம் வராது. தணிப்பான் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

குழந்தைவேலும் பூங்கோதையும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சண்டையே இல்லாமல் வாழ்ந்தார்கள்; முன்பு குடியிருந்த வீட்டிலும் தணிப்பான் இருந்தது. நிலா நிலையத்தில் ஆறு வருட வேலைக்கு அவளுக்கு அழைப்பு வந்தபோதும் வீட்டில் சத்தமில்லை. "போகட்டுங்களா?" என்று கேட்டால் அவன் வாய் எதையோ சொல்லி மூடிக்கொள்ளும். பிறகு தணிந்து, "போகாம இருந்தா நல்லாருக்கும்" என்பான். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லாருக்கும் என்பதும் அதே குரலில்தான். இந்த மனுஷனுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. இன்று சாயங்காலத்துக்குள் அவள் பதில் அனுப்பியாக வேண்டும்.

நேற்றுதான் இந்தப் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். குழந்தைவேலின் அக்கா மயிலாத்தா சுவரில் இருந்த தணிப்பானைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "நல்ல காரியம் நடக்கற வூட்டுல கறுப்பு ஒயர் எதுக்குடா?" யாரோ ஓர் ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் சிவப்பாக மாற்றவைத்த பிறகுதான் பாயசம் குடித்தாள். எந்த முனை பிளஸ், எந்த முனை மைனஸ் என்று காட்டத்தான் அந்தக் கறுப்பு இருந்தது. வந்தவன் குத்துமதிப்பாக மாட்டிவிட்டுப் போனான்.

காலையில் பூங்கோதை சொன்னாள். "சரின்னு எழுதிப் போடப் போறேனுங்க."

அவன் வாய் திறந்தது.

"போகாதே புள்ள!"

வீடே அதிர்ந்தது. அடுப்படியில் டம்ளர்கள் குலுங்கின. அழிக்க வேண்டிய அலை தலைகீழாகப் போய், அவன் குரலோடு சேர்ந்து இரண்டு மடங்காக ஒலித்தது. அவனே பயந்துபோனான்.

"இத்தன நாளும் இதையத்தான் சொல்லீட்டிருந்தீங்களா?" அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் பழுது பார்க்கும் சாதிக் வந்து நின்றான். அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்டால் தணிப்பான் நிறுவனம் உடனே ஆள் அனுப்பும். அவன் ஒயர் முனைகளில் சின்ன பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். வெளியே தள்ள வேண்டிய ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போயிற்று.

"மாறிக் கெடக்குதுங்க." மாற்றி மாட்டினான். "இனி சத்தமே வராதுங்க."

பூங்கோதை கணவனிடம் திரும்பினாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

அவன் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது, ஒலி இல்லை. ஆனால் இப்போது அவளுக்குத் தெரியும். கண்ணீர் வழிய, அவளும் தன் பலத்தையெல்லாம் திரட்டிப் பதில் கத்தினாள்.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அழுகிறாள், வாய் அசைகிறது. போகத்தான் போகிறாள் என்று எடுத்துக்கொண்டான். "செரி, போயிட்டு வா" என்று தணிந்து சொல்லிவிட்டு, பரண் மேலிருந்த பெட்டியை இறக்கப் போனான்.

பூங்கோதை சாதிக்கைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"போகலைன்னு சொல்றேன், காது செவிடாப் போச்சுங்களா? பொட்டி எறக்கறாராம் பொட்டி!"

கல்யாணமான பிறகு குழந்தைவேல் காதால் கேட்ட முதல் திட்டு அது. பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே சிரித்தான். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

சாதிக் ஒயரைத் திரும்ப மாட்டாமலே வெளியே வந்தான். பக்கத்து வீட்டம்மா தன் வீட்டுக் கேட்டருகே நின்றிருந்தாள். புகார் சொல்லத்தான் நிற்கிறாள் என்று அவன் நினைத்தான்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரும் தெனமும் என்னமோ வாயசைக்கறாருங்க" என்றாள் மெதுவாக. "எங்களுக்கும் ஒருக்கா மாத்தி மாட்டறீங்களா?"

"எல்லா வூட்டுலயும் இந்த மாதிரி நல்ல வார்த்தையாவே இருக்கும்னு சொல்ல முடியாதுங்களே அக்கா."

அவள் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்துவிட்டாள்.