ஐந்தாவது மீன்

தொட்டியில் நான்கு மீன்கள் இருந்தன. நீர்நாடி ஐந்து என்றது.

டாக்டர் ஜெசிந்தா மோத்தா தொட்டிநீர் சொட்டும் கையால் துப்பட்டா நுனியைப் பிடித்து நீர்நாடியின் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை. 'முதல் நான்கும் நலம். ஐந்தாவது: கடும் நோய். உடல் கரைகிறது. நீர் மிகுதியாக அருந்துகிறது. தோல் கசிவில் சர்க்கரை. உடனே தனித்தொட்டிக்கு மாற்றவும்.'

"இருக்கிறதே நாலு. அஞ்சாவதுக்கு நான் எங்க போவேன்?" என்று கருவியிடமே கேட்டாள். கேட்டுவிட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடமடவென்று பாதித் தண்ணீரைக் குடித்தாள்.

"செவ்வாக்கிழமையும் இதைத்தான் காட்டுச்சு டாக்டரம்மா. நீங்கதான் சாதனத்துல ஏதோ பழுதுன்னு சொன்னீங்க" என்றார் இசக்கியப்பன். உப்பளத்தில் எடைமேடை பார்ப்பவர். இந்த வேலைக்காகவே இன்று விடுப்புப் போட்டிருந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை.

உட்கார முடியாததற்குக் காரணம் இருந்தது. கடல் கொதித்த அந்த இரண்டு கோடைகளில் மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் வெளுத்துச் செத்தன. மிஞ்சிய மீன்களைப் பிடித்து, காத்து வளர்க்கச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தார்கள். இப்போது தூத்துக்குடியில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் காப்புத்தொட்டி உண்டு. அதற்கு முன்னால் இந்த ஊரில் யாராவது கடல்மீனைக் கண்ணாடிக்குள் வளர்த்தால் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். துடுப்பில் வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரியும்போதே செவுள் அரித்துப்போயிருக்கும். அப்புறம் மருந்து விடுவது ஒரு சடங்குதான். நீர்நாடி வந்துதான் அந்தக் கதையை மாற்றியது. பேனா அளவுள்ள ஒரு குழாய். தொட்டியின் ஓரத்தில் தொங்கும். மீனின் மூச்சிலும் வழவழப்பிலும் கரைந்து வருவதைச் சுவைத்துப் பார்த்து, இன்ன மீனுக்கு இன்ன நோய் தொடங்கப்போகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடும். ஒவ்வொரு உடலுக்கும் தனிச் சுவை உண்டாம். அதை வைத்துத்தான் அது தலையெண்ணும்.

ஒன்பது வருடமாக இசக்கியப்பனும் அவர் மனைவி பேச்சித்தாயும் வளர்த்த நான்கு மீன்கள் நாளை காலை கடலுக்குத் திரும்ப வேண்டும். வான் தீவுக்குப் பக்கத்தில் வெப்பம் தாங்கும் பவளத்தை நட்டு வளர்த்திருந்தார்கள். படகு ஆறு மணிக்கு. ஆனால் புதுத் திட்டுக்குள் ஒரு கிருமிகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம். தொட்டியில் ஒரு மீன் நோயென்று நீர்நாடி எழுதி, அந்த நோயாளியைத் தனியே பிரித்துக் காட்டாவிட்டால், மொத்தத் தொட்டியும் அழிக்கப்படும்.

"இத்தன வருசம் வளத்தது கொல்லுததுக்கா?" என்று கேட்டுவிட்டு, பேச்சித்தாய் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக உருட்டினார்.

மற்ற நாட்களாக இருந்தால் ஜெசிந்தா இதற்கு அரை நொடிகூடச் செலவழித்திருக்க மாட்டாள். திரையில் 'எண்ணிக்கைப் பிழை' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் அதிகப்படியான மீன் மறைந்துவிடும். எல்லா மீன் மருத்துவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவள் கொஞ்சம் அதிகமாகவே செய்தாள். கடல் திரும்பும் பட்டியலில் ஏறிய தொட்டிகளுக்கு மட்டும் அந்தப் பொத்தானை எடுத்திருந்தார்கள். இந்தத் தொட்டி நேற்றுத்தான் அதில் ஏறியிருந்தது.

"அண்ணாச்சி, பாறைக்குள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கு. விரக்கடை அளவுல குட்டி ஏதாவது இருக்கும். நல்ல உப்பா ஒரு சாக்கு கொண்டாங்க."

உப்பளத்துக்காரர் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? வாளி நிறைய உப்பைக் கரைத்தார்கள். கடலைவிடக் கரிக்கும் நீரில் பாறையை முக்கினால், பொந்துக்குள் ஒளிந்திருக்கும் எதுவும் நெஞ்சடைத்து வெளியே ஓடிவரும். அது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். ஜெசிந்தா சுடிதாரின் கையை மடித்துவிட்டு, முழங்கைவரை தொட்டிக்குள் விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காப்புத்தொட்டியில் யாரும் வெறுங்கையை விடக் கூடாது. தோள்வரை வரும் உறை போட வேண்டும், தீனிக்கு இடுக்கி. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது, அதை எழுதிய குழுவில் ஜெசிந்தாவும் இருந்தாள். ஈரக் கையோடு யாராவது அகப்பட்டால் அவள் கிழிக்கிற கிழியில் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் அவள் மட்டும் உறை போட மாட்டாள். உறை போட்டால் விரலுக்குப் பாறை தெரியாதாம். சட்டம் போட்டவர்களுக்குச் சட்டம் இல்லை என்பது மீன் உலகிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஒவ்வொரு பாறையாக எடுத்து வாளியில் முக்கினாள். முதல் பாறையில் ஒரு நண்டு வந்தது. இரண்டாவதில் இரண்டு புழுக்கள். பதினோராவது பாறையில் ஒன்றுமே இல்லை. இடையில் இரண்டு முறை வேலையை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்து தண்ணீர் குடித்தாள். மீன்கள் நான்கும் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. தட்டுப்போல மஞ்சளாக இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன்கள், ஒரு கோமாளி மீன், விரல் நீளத்தில் நீலக் கோடு போட்ட ஒரு துப்புரவு மீன்.

"டாக்டரம்மா, தேடத் தேட அது கூடுதே" என்றார் இசக்கியப்பன், திரையைப் பார்த்தபடி. ஐந்தாவது மீனின் கோடு சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு ஏறியிருந்தது.

"பக்கத்துல வந்துட்டோம்னு அர்த்தம்" என்றாள் ஜெசிந்தா. ஒரு விதத்தில் அது உண்மைதான்.

பேச்சித்தாய் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் போன். மற்றவர்கள் நாடகத் தொடர் பார்ப்பதுபோல் அவர் நீர்நாடியின் தினப்பதிவைப் பார்ப்பவர். எந்த மீன் எத்தனை மணிக்குச் சோர்ந்தது, எது எதை முறைத்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"அந்த அஞ்சாவது மீனு தெனமும் இல்ல. செவ்வா, வெள்ளி மட்டுந்தான் இருக்கு. பத்து மணிக்கு மேல வருது, மதியத்துக்குள்ள போயிருது. எட்டு வாரமா இப்பிடித்தான்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் வருது."

ஜெசிந்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நோயை நான் கொண்டுவருகிறேன் என்கிறாளா? எத்தனை தொட்டிக்குப் போகிறேன், ஒவ்வொரு வீட்டிலும் கையைக் கழுவிவிட்டுத்தானே தொடுகிறேன்? போனை வாங்கிப் பார்த்தாள். தேதிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பழைய தேதிக்கும் கீழே 'எண்ணிக்கைப் பிழை' என்று ஒரு குறிப்பு. அதன் கீழே அவளுடைய கையொப்பம்.

அவள் தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். துடைத்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். வடிகட்டி நீரைச் சுற்றிச் சுற்றித் தள்ளியது. இருபது நிமிடத்தில் கருஞ்சிவப்பு வெளுத்தது. 'மீன்கள்: நான்கு. அனைத்தும் நலம்.'

திரும்பக் கையை விட்டாள்.

ஐந்து.

அப்போது துப்புரவு மீன் மூலையை விட்டுக் கிளம்பியது. மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியையும் செத்த தோலையும் கொத்தித் தின்று வாழும் ஜாதி அது. எங்கே புண் இருக்கிறதோ அங்கேதான் போகும். நேராக வந்து அவள் வலது கட்டைவிரலில் நின்று கொத்தத் தொடங்கியது. பாறை கீறிய காயம் அது. மூன்று வாரமாக ஆறவில்லை. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் கை, மெதுவாகத்தான் ஆறும் என்று அவள் தனக்குத்தானே மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உடல் கரைகிறது. ஆறு கிலோ குறைந்திருந்தது. தோழிகள் அழகாகிவிட்டாய் என்றார்கள், அவளும் மகிழ்ந்துபோய் இரண்டு சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். நீர் மிகுதியாக அருந்துகிறது. மேசையில் காலி பாட்டில் நின்றது. தோல் கசிவில் சர்க்கரை.

"அண்ணாச்சி" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அது நான்தான்."

இசக்கியப்பனுக்கு உடனே புரியவில்லை. பேச்சித்தாய்க்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, வண்டிய எடுங்க" என்றார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். நானூற்று அறுபது. இளம் மருத்துவர் அந்த எண்ணை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுகரோட எப்படி நடந்து வந்தீங்க?" என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மயங்கி விழுந்தபின் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்றும், இப்போது ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஊசி போட்டுச் சரியாக்கிவிடலாம் என்றும் சொன்னார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டபோது ஜெசிந்தா, "எட்டு வாரம். செவ்வாய், வெள்ளி" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை.

கட்டிலில் படுத்தபின் அவள் செய்த முதல் வேலை இசக்கியப்பனின் போனை வாங்கியதுதான். தொட்டியின் படிவம் திறந்தே கிடந்தது. 'நோயுற்ற மீன் தனித்தொட்டிக்கு மாற்றப்பட்டதா? எங்கே? சிகிச்சை அளிப்பவர் யார்?' அவள் நிரப்பினாள்: மாற்றப்பட்டது. மூன்றாம் மாடி, பதினேழாம் கட்டில். இளம் மருத்துவரின் பெயரையும் சேர்த்து, தன் கட்டைவிரலைப் படமெடுத்து இணைத்து, நடந்ததை நான்கு வரியில் எழுதி அனுப்பினாள். கடல்மீட்பு அலுவலகத்திலிருந்து அரைமணி நேரம் பதிலே இல்லை. இசக்கியப்பன் நடைக்கூடத்தில் பத்து முறை நடந்தார். பிறகு அனுமதி என்று ஒரு பச்சைக் குறி வந்தது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

செவிலி வந்து சன்னல் திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தாள். பார்க்க வருகிறவர்கள் கூட்டம் போடக் கூடாது, சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, பத்து நாள் ஓய்வு என்றாள்.

"மங்கின வெளிச்சம், தனிமை, தீனி சிறுகச் சிறுக" என்று எண்ணினார் இசக்கியப்பன். இப்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க புத்தகத்துல உள்ளதுதானே டாக்டரம்மா? கண்ணாடியத் தட்டக் கூடாதுன்னும் போட்டிருக்கும்லா?"

மறுநாள் ஏழு மணிக்குப் பேச்சித்தாய் படகிலிருந்து படம் அனுப்பினார். பச்சை நீரில் இரண்டு மஞ்சள் தட்டுகள் இறங்குவது மங்கலாகத் தெரிந்தது. ஜெசிந்தா அதை வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் அந்த நினைப்பு வந்து குத்தியது.

நான் ஒருத்தி மட்டுமா?

நீர்நாடிக்கு நோயைத் தேடத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நலமான கை வந்து போனால் அது பொருட்படுத்தாது. நோய்ச் சுவையோடு ஒரு கை வந்தால், அதற்குத் தெரிந்த ஒரே பெயரை வைத்தது: மீன். அப்படி அது வைத்த பெயர்களை எத்தனை வீட்டில் அவள் அழித்திருப்பாள்? மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லித் தன் பதிவுகளைத் திறந்தாள். இந்த ஒரு வட்டாரத்தில் முப்பத்தேழு வீடுகள். எட்டாவது மீன்: மூச்சு சீரில்லை. மூன்றாவது மீன்: இரத்தச் சோகை. ஆறாவது மீன்: ஈரல் வீக்கம். எல்லாவற்றுக்கும் கீழே அதே இரண்டு சொற்கள், அதே கையொப்பம். சில தேதிகள் ஒரு வருடத்துக்கு முந்தையவை. அந்த வீடுகளை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஆகவே அவற்றைத்தான் பட்டியலில் முதலில் எழுதினாள். செவிலி திட்டத் திட்ட, அன்றே அலுவலகத்துக்கும் எழுதினாள்: அந்தப் பொத்தானை எல்லாத் தொட்டியிலிருந்தும் எடுங்கள், மற்ற மருத்துவர்களையும் பழைய பதிவுகளைத் திறக்கச் சொல்லுங்கள்.

பத்து நாள் ஓய்வில் நான்கு நாளைத்தான் அவளால் தாங்க முடிந்தது. ஐந்தாம் நாள் காலை, இடுப்புப் பையில் ஊசியும் கையில் பட்டியலுமாக லயன்ஸ் டவுனில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். 'மூன்றாவது மீன்: இரத்தச் சோகை. பதினான்கு மாதம்.'

கதவைத் திறந்தது வெளிறிய முகத்தோடு ஒரு பெண். உள்ளே தொட்டியின் மூடி திறந்திருந்தது. அவளைக் கண்டதும் அந்தப் பெண் திடுக்கிட்டு வலது கையைப் பின்னால் மறைத்தாள். தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"மேடம், நான் கையே வைக்கல மேடம். இடுக்கியிலதான் தீனி போட்டேன். மீனுக்கு ஏதும் ஆயிருச்சா?"

"மீனெல்லாம் நல்லா இருக்கு" என்றாள் ஜெசிந்தா. "நான் ஒங்களப் பாக்க வந்தேன்."

அந்தப் பெண் நகரவில்லை. ஜெசிந்தா கட்டுப் போட்ட தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள்.

"நானும் வச்சேன். கையக் கொண்டாங்க, பாப்போம்."