பதினான்கு தலைப்புகளும் ஒரு கேள்வியும்

கலினாவிடம் ஒரு பச்சை நோட்டு இருந்தது. அதில் பதினான்கு தலைப்புகள். 'என் குடும்பம்', 'என் விடுமுறை', 'எனக்குப் பிடித்த கடை', 'என் கனவு வீடு'... ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஆங்கிலம். பல் தேய்க்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும்.

"கலினா, சூப் ஆறுது" என்றார் அப்பா.

"மை ஃபேவரிட் ஷாப் இஸ்..."

"உன்னைத்தான். சூப்!"

"அப்பா! நடுவுல பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இப்ப மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லணும்!"

அதுதான் அவளுடைய கஷ்டம். ஒரு சொல் தவறினால் போச்சு, முதல் வரிக்குத் திரும்ப வேண்டும்.

ஓபோலே நகரில் அவள் படித்த பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு தனிப் பிரிவு உண்டு. அங்கே புவியியலும் உயிரியலும் ஆங்கிலத்தில் நடக்கும். இடங்கள் இருபத்து நான்கு. விண்ணப்பித்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். முதல் வகுப்பிலிருந்தே கலினாவின் பக்கத்தில் உட்கார்ந்துவரும் மிலேனா எப்படியும் தேறிவிடுவாள். அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. கலினாவுக்குக் கிடைக்காவிட்டால்? அடுத்த வருஷம் மிலேனாவின் பக்கத்தில் வேறு யாரோ உட்காருவார்கள்.

எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. பேச்சுத் தேர்வு வரும் செவ்வாய்க்கிழமை. இரண்டிரண்டு பேராக உள்ளே போய் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேச வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்ற பட்டியலை வியாழக்கிழமை ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டினார்கள்.

கலினாவின் பெயருக்கு நேரே 'இக்னாட்சி' என்று இருந்தது.

"ஐயையோ" என்றாள் மிலேனா. "நீ பேசாம அந்தக் கதவோடயே பேசலாம். அதுவாவது கிரீச்சுனு பதில் சொல்லும்."

இக்னாட்சி செப்டம்பரில் வேறு பள்ளியிலிருந்து வந்தவன். டீச்சர் கேள்வி கேட்டால் காது சிவக்க நிற்பான். ஒரு சொல் வந்தால் பெரிது.

ஆங்கிலம் நடத்தும் ஸ்ரோகா டீச்சரிடம் ஓடினாள் கலினா.

"டீச்சர், என் ஜோடியை மாத்த முடியுமா? இக்னாட்சி பேசவே மாட்டான். அவனால என் மார்க்கும் போயிடும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சீட்டு குலுக்கிப் போட்டது, கலினா. உனக்கு மாத்தினா நாளைக்கு நாப்பது பேரும் வரிசையில நிப்பாங்க."

"ஒருவேளை அவன் வரலேன்னா?"

"வரலேன்னா அவன் இடத்துல நான் உக்காந்து உன்கூடப் பேசுவேன். அதான் விதி."

கலினா திரும்பினாள். இரண்டடி தள்ளி இக்னாட்சி நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

நடைக்கூடத்துக்கு வந்ததும் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்: "செவ்வாய்க்கிழமை நான் வரலே. நீ டீச்சரோட பேசிக்கோ."

'வேண்டாம், வா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கலினாவின் தலை, அவளைக் கேட்காமலே, 'சரி' என்பது போல ஆடிவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள், விஷயம் கேட்ட மிலேனா. "டீச்சரோட பேசறது வெண்ணெய் ரொட்டி தின்னற மாதிரி சுலபம்."

கலினாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை முழுவதும் படிப்பு ஓடவில்லை. நோட்டைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் சிவந்த இரண்டு காதுகள் தெரிந்தன.

சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்ரா ஆற்றுக்குப் போனாள். இக்னாட்சியின் அம்மா அங்கே மதகுக் காவலர். படகுகள் மதகுக்குள் வந்து நின்றதும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அந்தப் பக்கம் அனுப்பிவைப்பது அவர் வேலை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கதவின் மேலேயே நின்றிருந்தார்.

"இக்னாட்சியா? அந்தப் பக்கம் கயிறு சுத்திக்கிட்டிருக்கான். நீ அவன் கிளாஸா? அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்மா. பரீட்சைக்குப் போகலியாம், வயித்து வலியாம். செவ்வாய்க்கிழமை வரப்போற வயித்து வலி அவனுக்குச் சனிக்கிழமையே தெரியுது!"

கலினா பதில் சொல்வதற்குள் ஒரு வெள்ளைப் படகு மதகுக்குள் நுழைந்தது. அதில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு வயதான கணவனும் மனைவியும். இருவரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார்கள். கலினாவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

இக்னாட்சி ஓடி வந்தான். கையை உயர்த்தி, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான்: "மெதுவாக. அங்கே நில்லுங்கள். கயிறு, எனக்கு."

கயிறு பறந்து வந்தது. பிடித்துத் தூணில் சுற்றினான். படகு பூனைக்குட்டி மாதிரி சுவரோரம் ஒட்டி நின்றது.

படகிலிருந்த அம்மாள் கலினாவைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். அதில் 'ஷாப்' என்ற சொல் இருந்தது. ஷாப்! நோட்டில் இருக்கும் தலைப்பு!

"மை ஃபேவரிட் ஷாப் இஸ் எ புக் ஷாப்..." கலினா கடகடவென்று ஆரம்பித்தாள்.

அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொட்டி? ரொட்டி விற்கும் கடை?" என்று இடையில் புகுந்தார்.

வரி அறுந்தது. கலினா பதறிப்போய், "ஐ சிங்க்... ஐ சிங்க்..." என்றாள். 'நான் நினைக்கிறேன்' என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். ஆனால் அந்த 'திங்க்' அவள் நாக்கில் எப்போதும் 'சிங்க்' ஆகிவிடும். அதற்கு 'நான் மூழ்குகிறேன்' என்று அர்த்தம்.

படகிலிருந்த மனிதர் திடுக்கிட்டுக் குனிந்து படகின் அடியைப் பார்த்தார்.

"ரொட்டிக் கடை" என்றான் இக்னாட்சி, கையை நீட்டி. "நேரே. பாலம். பிறகு இடது."

அவர்கள் நன்றி சொன்னார்கள். தண்ணீர் ஏறியது. கதவு திறந்தது. படகு போய்விட்டது.

கலினா தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உனக்குத்தான் பேச வருதே!"

"இது ஒரு பேச்சா? நாலு வார்த்தை."

"அந்த நாலும் அவங்களுக்குப் புரிஞ்சுதே. நான் நாப்பது வார்த்தை சொன்னேன். பாவம், அவர் படகுல ஓட்டை தேடறார்."

இக்னாட்சி சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"வியாழக்கிழமை நான் டீச்சர்கிட்ட..." என்று கலினா தொடங்கினாள்.

"உண்மையைத்தானே சொன்னே? கிளாஸ்ல எனக்கு வாயே வராது. எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. இங்க எல்லாரும் படகைப் பார்ப்பாங்க, என்னைப் பார்க்க யாருக்கு நேரம்?"

"செவ்வாய்க்கிழமை வா."

"வந்து ஊமையா நின்னேன்னா?"

"நின்னா ரெண்டு பேருமா நிப்போம்."

சொல்லிவிட்டாளே தவிர, வீடு வரும்வரை சைக்கிளைவிட வேகமாக அவள் நெஞ்சுதான் ஓடியது. உண்மையிலேயே அவன் ஊமையாக நின்றுவிட்டால்?

செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை. முள்ளங்கி நறுக்கிப் போட்ட பாலாடைக்கட்டி தட்டில் அப்படியே கிடந்தது. வாசலில் அப்பா முழங்காலால் அவளைப் பின்னாலிருந்து செல்லமாக இடித்து, "பேனா உடையட்டும்!" என்றார். பரீட்சைக்குப் போகிற பிள்ளையை அந்த ஊரில் அப்படித்தான் வாழ்த்தி அனுப்புவார்கள். பதிலுக்கு 'நன்றி' சொன்னால் பலிக்காது. கலினா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நடைக்கூடத்தில் இக்னாட்சியைக் காணோம்.

மிலேனா கன்னம் சிவக்க வெளியே வந்தாள். "ஏய், படம் காட்டறாங்க! படத்தைப் பார்த்துப் பேசணுமாம். நோட்டுல இருக்கற எதுவுமே கேக்கலே!"

பதினான்கு தலைப்புகளும் பயந்த குருவிகள் போல ஒரே நேரத்தில் பறந்துபோயின.

கதவு திறந்தது. ஸ்ரோகா டீச்சர் எட்டிப் பார்த்தார். "கலினா, இக்னாட்சி. அவன் வரலியா? சரி, நீ வா. நான் பேசறேன்."

உள்ளே போனால் போதும். டீச்சர் நல்லவர், மெதுவாகத்தான் கேட்பார்.

"ரெண்டே ரெண்டு நிமிஷம், டீச்சர்!" என்றாள் கலினா. படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

பள்ளி வாசலுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இக்னாட்சி நின்றிருந்தான். வெள்ளைச் சட்டையில் பொத்தான்கள் ஓட்டை மாறிப் போடப்பட்டிருந்தன.

"எப்ப வந்தே?"

"அரை மணி நேரம் ஆச்சு. கால் உள்ளே வரமாட்டேங்குது."

"என்னோடதும்தான் வரமாட்டேங்குது. இழுத்துக்கிட்டு வா!"

அறையில் ஸ்ரோகா டீச்சரும் அவருடன் இன்னொரு ஆசிரியரும் இருந்தார்கள். மேசைமேல் ஒரு தாளை வைத்தார்கள். அதில் ஐந்து படங்கள்: பந்து, பள்ளியின் வரைபடம், சாக்லேட் பெட்டி, அகராதி, கைக்கடிகாரம். உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வருகிறார், அவருக்கு இதில் எதைக் கொடுப்பீர்கள் என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில்தான்.

சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்றது. இக்னாட்சியின் காதுகள் சிவந்தன.

கலினா வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு ஆசிரியர்களும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். இப்படியே இன்னும் ஒரு நிமிடம் போனால் எல்லாம் முடிந்தது.

புதிதாக வருகிறவர்... கலினா தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். புதிதாக வந்தவன்தான் இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே! ஆசிரியர்களை மறந்துவிட்டு அவன் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள்.

"நீ செப்டம்பரில் வந்தாய்" என்றாள் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "உனக்கு என்ன வேண்டியிருந்தது?"

இக்னாட்சி அவளைப் பார்த்தான். அவள் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வரைபடம்" என்றான். பிறகு, "கழிவறை எங்கே? எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள்."

"இரண்டு நாளா!"

"மிக நீளமான இரண்டு நாள்."

இரண்டாவது ஆசிரியருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

"ஏன் யாரையும் கேட்கவில்லை?"

இக்னாட்சி கொஞ்சம் யோசித்தான். "யாரும் என்னோடு பேசவில்லை."

இதற்கு எந்த நோட்டிலும் பதில் இல்லை. கலினாவுக்கு முகம் சுட்டது.

"நானும் பேசவில்லை" என்றாள். "மன்னித்துவிடு. அது நல்லதில்லை."

"இப்போது பேசுகிறாய்" என்றான் இக்னாட்சி. பிறகு அவனே தாளைத் தன் பக்கம் இழுத்தான். "சாக்லேட் எப்படி?"

"சாக்லேட் நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்."

"பெட்டி பெரியது. எல்லாரும் சாப்பிட வருவார்கள். வந்தால் பேசுவார்கள். அப்போது கழிவறை எங்கே என்று கேட்கலாம்."

இந்த முறை ஸ்ரோகா டீச்சரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வரைபடமா சாக்லேட்டா என்று இருவரும் முட்டி மோதிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. தப்புத் தப்பான ஆங்கிலம்தான். ஆனால் கலினா ஒரு முறைகூட முதல் வரிக்குத் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டியல் வந்தது. மிலேனா நான்காவது. கலினா பதினொன்றாவது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே தேடினாள். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு...

"நான் ரெண்டாவது!" என்றான் பின்னாலிருந்து இக்னாட்சி.

"ரெண்டாவதா?"

"கீழேர்ந்து எண்ணினா."

இருபத்து மூன்றில் அவன் பெயர் இருந்தது. கலினா துள்ளிய துள்ளலில் மிலேனாவின் காலை மிதித்துவிட்டாள்.

அன்று மாலை மூவரும் ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அது சரி, இக்னாட்சி, அந்த ரெண்டு நாள் என்னதான் பண்ணினே?" என்று கேட்டாள் மிலேனா.

"முதல் நாள் ஒரு கதவைத் திறந்தேன். அது சமையலறை. அங்க ஒரு பெரிய அம்மா கரண்டியோட நின்னாங்க..." என்று ஆரம்பித்தான் இக்னாட்சி.

கதை நீண்டுகொண்டே போனது. ஐஸ்கிரீம் உருகி மூவரின் முழங்கை வரை வழிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.