செவிட்டு ரிசீவர்

"என் ரேடியோ ரிசீவர் வீட்டு மாடியில கேட்குது, கிளப்புல கேட்க மாட்டேங்குது. ஏன்னு எனக்கே தெரியல சார்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

அளவுக் கருவிகள் பழுதுபார்க்கும் அந்தச் சிறிய பட்டறையின் சொந்தக்காரருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது, அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய மைத்துனரான பல் டாக்டரோ அதற்குள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விடுமுறை நாட்களில் அத்தானோடு சேர்ந்து துப்புத் துலக்குவதில் அவருக்கு அலாதி இன்பம்.

விஷயம் இதுதான். தூரத்து மலையொன்றில் ஒரு சிறு ஒலிபரப்பி ஓயாமல் புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில் தன் அடையாளத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். மிக மெல்லிய ஒலி. தன் புது ரிசீவரில் அதைக் கேட்டதாக அவள், பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள் கூடும் ஹாம் ரேடியோ கிளப்பில் சொன்னாள். கிளப்பின் செயலாளர் அவளுடைய சொந்த அண்ணன். உடனே சோதனை வைத்தார். கிளப்பின் பழைய ரேடியோ செட்டில் கேட்டது. இவளுடையதில் வெறும் இரைச்சல்.

"பொய்க்காரின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான் சார். இன்னிக்குச் சாயங்காலம் ஓட்டெடுத்து என்னை வெளியே அனுப்பப் போறான்."

"மாடி உயரம்! அதான் அங்க கேட்குது" என்றார் டாக்டர்.

"கிளப் ஆன்டெனா எங்க மாடியைவிட மூணு மடங்கு உயரம் டாக்டர்."

"ஆராய்ச்சி முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்றார் தராசு. பிறகு அவளிடம், "மாடிக்கு என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"ஆன்டெனா ஒயர், ரிசீவர், லேப்டாப். அவ்வளவுதான்."

"சரி, போவோம்."

கிளப் அறையில் ஓட்டெடுப்புக்கு வந்த உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு மேஜை, சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். மேஜையில் இரும்புப் பெட்டி போன்ற பழைய செட். அதன் பக்கத்தில், லேப்டாப்பில் தொங்கிக்கொண்டிருந்த புது ரிசீவர் தீப்பெட்டி அளவுதான்.

"இதுவும் ரேடியோவாம்" என்றார் செயலாளர். "கம்ப்யூட்டர் இல்லேன்னா இதுக்குப் பேச்சு மூச்சு கிடையாது. பாருங்க, திரும்பவும் காட்டறேன்."

பழைய செட்டைப் பிளக்கில் சொருகி ஆன்டெனா கேபிளை மாட்டினார். இரைச்சலுக்கு அடியில் கொசு பாடுவதுபோல் மோர்ஸ் ஒலி கேட்டது. பிறகு அதைப் பிடுங்கிவிட்டு, அதே பிளக்கில் லேப்டாப் சார்ஜரைச் சொருகினார். கேபிளையும் மாற்றினார். திரையில் சம இடைவெளியில் வரிவரியாகக் கோடுகள். ஒலிபெருக்கியில் ஒரே கரகரப்பு.

"ஒரே ஆன்டெனா, ஒரே பிளக், ஒரே நாற்காலி. தங்கச்சிங்கறதுக்காக நான் ஓரவஞ்சனை பண்ணல."

டாக்டர் அத்தானின் காதருகே குனிந்தார். "கேபிள்ல ஏதோ சதி பண்ணியிருக்கார்."

"சதி பண்ணக் கொஞ்சம் மூளை வேணும் மாப்பிள்ளை. கார்ல எக்ஸ்டென்ஷன் பெட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க."

பெட்டி வந்தது. தராசு முதலில் பழைய செட்டை மட்டும் அதில் சொருகினார். மோர்ஸ் கேட்டது. செட்டைத் தொடாமல், லேப்டாப் சார்ஜரைப் பக்கத்துத் துளையில் சொருகினார். பழைய செட் கரகரவென்று அலறியது. மோர்ஸ் காணாமல் போனது. சார்ஜரைப் பிடுங்கினார். மோர்ஸ் திரும்பி வந்தது.

உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

தராசு கேபிளைப் புது ரிசீவருக்கு மாற்றி, லேப்டாப்பைப் பேட்டரியில் ஓடவிட்டார். திரையில் வரிகள் இல்லை. புள்ளியும் கோடுமாக ஓர் ஒற்றை இழை மெல்ல இறங்கியது. அதே கொசுப்பாட்டு.

"எப்படி அத்தான்?" டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"மாடிக்கு இவங்க கொண்டுபோன சாமான்ல சார்ஜர் இல்ல. நீங்க உயரத்தைப் பிடிச்சுத் தொங்கினீங்க. அந்தச் சம இடைவெளிக் கோடும் உங்க கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. வானத்து இரைச்சல் அளந்து வச்ச மாதிரி வராது. சார்ஜர் மின்சாரத்தை வேகமா வெட்டி வெட்டி ஒட்டுது. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி ஒலிபரப்பி மாதிரி. அது ஆன்டெனாவுக்குள்ள போயிடுது."

"அதை வடிகட்ட முடியாதா?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"பழசு கம்பிச் சுருளையும் குவார்ட்ஸ் படிகத்தையும் வச்சு வடிகட்டுது. புதுசு சிக்னலை எண்ணா மாத்திக் கணக்குப் போட்டு வடிகட்டுது. ரெண்டும் பக்கத்து அலைவரிசையில இருக்கறதைத்தான் ஒதுக்கும். குப்பை நம்ம சிக்னல் மேலேயே விழுந்தா, எந்த வடிகட்டியும் உதவாது."

"ரெண்டுக்கும் சமமா இருக்கட்டும்னுதான் ஒரே பிளக்..." என்று செயலாளர் இழுத்தார்.

"அந்தச் சமத்துவம்தான் சார் கோளாறு. பழைய செட்டைச் சொருகணும்னா சார்ஜரைப் பிடுங்கணும். அது சுத்தமான காத்துல கேட்டுச்சு, இது குப்பையில கேட்டுச்சு. நீங்க ரிசீவரைச் சோதிக்கவே இல்ல. இத்தனை பேர் உக்காந்து ஒரு சார்ஜரைச் சோதிச்சிருக்கீங்க. அதுக்கு ஓட்டெடுப்பு வேற."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஓட்டெடுப்பு வேணாம், விடுங்கப்பா" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அண்ணன் நாற்காலியைத் தங்கையின் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்து ஒலியைச் சற்றுக் கூட்டினாள்.

தராசு எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கேட்கும்போது லேப்டாப் பேட்டரியில ஓடட்டும். சார்ஜரை வேற அறையில வச்சு, கேட்டு முடிச்சப்புறம் சொருகுங்க. ரெண்டு ரிசீவருக்கும் காது நல்லாத்தான் இருக்கு."