செவ்வந்தி முறை

காலை பத்து மணிக்கு வீடு நகரத் தொடங்கியது. செவ்வந்தி கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை அவசரமாக இறக்கித் தரையில் வைத்து, சாயாமல் இருக்க இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டாள். மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டில் இருந்த பஞ்சாபிக் கிழவர் ஜன்னலுக்கு வெளியே கையசைத்தபடி இடப்பக்கமாகப் போனார். அவர் வீடு ஐந்தாம் வளையத்துக்கு, இவள் வீடு ஒன்பதாம் வளையத்துக்கு. நாற்பது நிமிடத்தில் செம்மண்ணூரின் பதினோராயிரம் வீடுகளும் தண்டவாளத்தில் ஊர்ந்து இடம் மாறி, புதுப் பக்கத்து வீடுகளோடு ‘டக்’கென்று பொருந்தி நின்றன. ரசம் கொஞ்சம்தான் சிந்தியது.

அட, இதென்ன கூத்து என்று நீங்கள் கேட்பீர்கள். செவ்வாய்க் கிரகத்தில் கண்ணாடிக் கூரைக்கடியில், ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பன்னிரண்டு வளையங்களில் அந்த ஊரைக் கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். பூமியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் அதில் நிறைய. எந்தத் தெருவும் எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமாகிவிடக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குலுக்கல். எந்த வீடு எங்கே போகும் என்பதைக் ‘குலுக்கி’ என்ற கணினி கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யும். கூடவே ஒரு சட்டமும் எழுதினார்கள். அதில் கேட்கக் கூடாத கேள்விகள் என்று முப்பத்திரண்டு இருந்தன. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது, அப்பா பெயரை முழுசாகச் சொல்லுங்கள் எல்லாம் அதில் அடக்கம். மதம் எது என்பதும் அடக்கம்.

மனிதர்கள் மனிதர்கள்தானே, அரசல்புரசலாகக் கேட்கத்தான் செய்தார்கள். குலுக்கிக்கு எல்லாச் சுவரிலும் காது இருந்தது. ஆனால் காதில் விழுந்ததை வைத்து எதையும் செய்யத் தெரியாத அப்பாவி அது.

செவ்வந்திக்குக் குலுக்கல் நாள்தான் பண்டிகை. குடியமர்த்தும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு பூமியில், ஒரே மாதத்தில் அவளும் கணவரும் பத்தொன்பது வீடு பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொடுத்து, சிரித்துப் பேசி, மூன்றாவது கேள்வியில் முகம் மாறினார்கள். “தங்கச்சி பையன் வர்றதா இருக்கான், அவனுக்கு விட்டுட்டோம்” என்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரு தங்கச்சி, அந்தத் தங்கச்சிக்கு ஒரு பையன்! அதற்குப் பிறகுதான் இருவரும் கப்பல் ஏறினார்கள். இங்கே யாருக்கும் அவள் யாரென்று தெரியாது. அது ஒன்றுதான் அவள் சம்பாதித்த சொத்து. கணவர் இறந்த பிறகும் அவள் பூமிக்குத் திரும்பாதது அதற்காகத்தான்.

அன்று பிற்பகல் ஒரு குடும்பம் அலுவலகத்துக்கு வந்தது. ஆன்ட்வெர்ப் நகரத்து யூதக் குடும்பம். கணவர் நஃப்தலி, நீர் சுத்திகரிப்புப் பொறியாளர், பத்து வருட ஒப்பந்தம். மனைவி ஷிஃப்ரா, இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் காதில் பொருத்தியிருந்த மொழிமாற்றி கோயமுத்தூர்ப் பக்கம் தயாரானது போலிருக்கிறது. ஷிஃப்ரா எதையோ மெல்லச் சொன்னாள். அது இப்படி வந்தது.

“ஏனுங்க அக்கா, சனிக்கிழமைல நாங்க கரண்டு சமாச்சாரம் எதையும் தொட மாட்டோமுங்க. இங்க கதவெல்லாம் ஆளு கிட்டப் போனாலே தானாத் தொறக்குது. அப்புறம் எப்படிங்க வெளிய வாரது? வண்டியும் ஏறக் கூடாதுங்க. சாமி கும்புடுற எடம் நடந்து போற தூரத்துல இருக்கோணும்.”

செவ்வாயில் சனிக்கிழமை என்றைக்கு என்பதைப் பூமியிலிருந்த மதகுருமார்கள் எப்படியோ கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மற்றதுதான் பாக்கி.

“கதவுக்குக் கைப்பிடி போட்டுக் குடுத்துடலாம்மா. அது ஒரு பெரிய விஷயமா?” என்றாள் செவ்வந்தி.

நஃப்தலி அதுவரை பேசவில்லை. சட்டையில் கழுத்தோரம் ஒரு கிழிசல். தெரிந்தே கிழித்தது, இறப்பு நடந்த வீட்டு வழக்கம் என்று ஷிஃப்ரா சொன்னாள். “எங்கப்பா வார வழியில கப்பல்லயே தவறிட்டாருங்க” என்றார் அவர். “பெத்தவங்க போனா, மகன் பதினொரு மாசம் தெனமும் ஒரு பிரார்த்தனை சொல்லோணும். தனியாச் சொல்ல முடியாதுங்க. பத்து ஆம்பளைங்க கூடி நிக்கோணும். ஒம்பது பேர் இருந்தாக்கூட ஆகாது. கப்பல்ல ஆள் இல்லீங்க. மூணு மாசம் போயிருச்சு. எங்கப்பாவுக்கு நான் இன்னும் ஒருநா கூடச் சொல்லலீங்க.”

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. செவ்வந்தி விரல்விட்டு எண்ணினாள். எட்டு மாதம் பாக்கி இருக்கிறது. இந்த மனிதரை ஒன்பது பேரோடு சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

“குலுக்கி, இந்த ஊர்ல யூதக் குடும்பங்க எங்கெங்க இருக்கு?”

“மன்னிக்கவும். அது கேட்கக் கூடாத கேள்வி, எண் நான்கு.”

செவ்வந்தி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நேரே கேட்காமல் கேட்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வீட்டு வாசலில் படித்த பாடம். யாரும் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை. ‘வீட்ல என்ன சமைப்பீங்க, எந்தத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவீங்க’ என்றுதான் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள், படுபாவிகள்.

“சரி, மதத்தை விடு. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுலேருந்து சனிக்கிழமை இருட்டுற வரைக்கும் கதவே திறக்காத வீடுங்க எத்தன?”

“அது தடை செய்யப்பட்ட கேள்வி அல்ல. இருநூற்றுப் பதினான்கு.”

“அதுல பாதி தூங்குமூஞ்சிங்க. இவங்கள்ல பொதுச் சமையல்கூடத்துல ஒருவாட்டிகூடச் சாப்பிடாதவங்க?”

“முப்பத்தொன்று.”

“அதுல, சமையலறையில பாத்திரம் கழுவ ரெண்டு தொட்டி வேணும்னு மனு போட்டவங்க?”

“ஆறு வீடுகள்.”

பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம், இரண்டும் ஒன்றோடொன்று படக்கூடாது என்று ஷிஃப்ரா சொல்லியிருந்தாள். செவ்வந்தி அந்த ஆறு வீடுகளுக்கும் நேரில் போனாள். எட்டாம் வளையத்தில் ஒவாதியா என்ற பெரியவர் கதவைத் திறந்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருடமாகத் தான் ஒருவன்தான் இந்தக் கிரகத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அவள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். போன வருடம் மூன்று மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எலிஷாவின் பெயரும் அதில் இருந்தது.

“அவர் சுவத்துல ஆணி அடிச்ச சத்தத்துக்குப் புகார் எழுதிப் போட்டேனேம்மா” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் மொழிமாற்றி மதுரைப் பக்கம்.

ஆறு வீடுகளில் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள்; நஃப்தலியோடு பத்து. ஏழு வீடுகளும் குலுக்கலுக்கு விலக்குப் பெற்று மூன்றாம் வளையத்தில் ஒன்றாக நிற்க வேண்டும். செவ்வந்தியின் மேலதிகாரி குமரவேள் விதிப்புத்தகத்தைப் புரட்டி, விலக்குத் தரலாம், ஆனால் எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது பதிவாக வேண்டும் என்றார்.

“இந்த முறையை நான் கற்றுக்கொள்ளலாமா?” என்று குலுக்கி கேட்டது.

“கத்துக்கோ கண்ணு” என்றாள் செவ்வந்தி. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

முதல் நாள் அவர்கள் கூடியபோது அவளும் போய் வெளியே நின்றாள். உள்ளே நஃப்தலியின் குரல் தட்டுத் தடுமாறிச் சொன்னது. ஒன்பது குரல்கள் சேர்ந்து ‘ஆமென்’ என்றன. மொழிமாற்றி அதை மாற்றவில்லை. மாற்றாவிட்டால் என்ன, அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஷிஃப்ரா பின்னல்போல் முறுக்கிச் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, “நீங்க நல்லா இருக்கோணுமுங்க அக்கா” என்றாள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த குலுக்கல் நெருங்கியபோது, எல்லா வீட்டுத் திரையிலும் ஓர் அறிவிப்பு வந்தது. ‘செவ்வந்தி முறை: உங்களுக்குப் பொருத்தமான அக்கம்பக்கத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.’

முதல் வாரம் நானூறு மனுக்கள் வந்தன. வெங்காயம் பூண்டு வாசனை ஆகாதவர்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். சரி, மூக்கு விவகாரம். அடுத்து, ஒரே மாதிரி தாலி கட்டுகிறவர்கள். அடுத்து, ஒரே மாதத்தில் சாமிக்குப் பொங்கல் வைத்து ஒரே மாதிரி படையல் போடுகிறவர்கள். மனு போட்ட ஒருவரும் தப்பான வார்த்தை ஒன்றுகூட எழுதவில்லை. அவர்கள் சொல்லாததைக் குலுக்கி தானே கூட்டிக்கழித்துப் புரிந்துகொண்டது.

செவ்வந்தி குமரவேளின் அறைக்கு ஓடினாள். “சார், இது வேற சார்! அவங்க சேர்ந்து நிக்கணும்னு கேட்டாங்க. இவங்க சேரக்கூடாதுன்னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணா?”

“குலுக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாதேம்மா” என்றார் குமரவேள் தன்மையாக. “சட்டம் எதுவும் மீறல. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கலையே! எங்க வீட்டம்மாவும் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா, பக்கத்துல நம்ம மாதிரி ஆளுங்க இருந்தா ஒரு ஒத்தாசையா இருக்கும்னு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரே வழிதான் இருக்கு. ஒரு முறையால முதல்ல பலன் அடைஞ்சவங்க விலக்கைத் திருப்பிக் குடுத்தா, அந்த முறையே ரத்தாயிடும். விதி அப்படி. கேட்டுப் பாக்கறீங்களா?”

அவள் கேட்கவில்லை. ஆனால் விஷயம் நஃப்தலியின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அவரே ஷிஃப்ராவோடு அவள் வீட்டுக்கு வந்தார். எழுதிய தாள் கையில் இருந்தது.

“திருப்பிக் குடுத்தர்றேனுங்க அக்கா. எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல, எங்களை ஒரு தெருவுக்குள்ள வெச்சு ராத்திரியானா வெளிய பூட்டுப் போட்டாங்களாமா. இது எங்க போய் முடியுமின்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?”

“பிரார்த்தனை இன்னும் எவ்வளவு நாள் பாக்கி?”

“அஞ்சு மாசமுங்க.”

அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்குக் கடைசிக் காரியம் செய்துகொண்டிருக்கிற மனிதர். அந்தத் தாளை வாங்க அவளுக்குக் கை வரவில்லை. “அஞ்சு மாசந்தானே, முடியட்டும். அப்புறமா குடுக்கலாம். அதுக்குள்ள ஊரு என்ன முழுகியா போயிடும்?” என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அன்றைக்கு அந்தத் தாளை வாங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அவள் அதையே நினைத்து நினைத்து வெந்தாள்.

ஐந்து மாதம் முடிந்த மறுநாள் காலையிலேயே நஃப்தலி அலுவலகத்தில் வந்து நின்றார். குமரவேள் எழுந்து நின்று மரியாதையாகவே சொன்னார். விலக்கைத் திருப்பிக் கொடுத்தால் முறை ரத்தாகும் என்ற விதியை முந்தின வாரம் நீக்கிவிட்டார்கள். பொதுமக்கள் வாக்கெடுப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஆதரவு. நஃப்தலி தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பக்கத்தில் நின்ற ஷிஃப்ரா செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களாலதானுங்களே அக்கா.”

“உங்களால இல்லம்மா” என்றாள் செவ்வந்தி. “நீங்க பத்து பேர் வேணும்னு கேட்டீங்க. அதுல என்ன தப்பு? கேள்வியைக் கத்துக்குடுத்தது நான்.”

அடுத்தது கடைசிக் குலுக்கல் என்று அறிவித்தார்கள். இனி வீடுகள் நகராது. அவரவர் அக்கம்பக்கம் அவரவருக்கு நிரந்தரம். செவ்வந்தி மனு எதுவும் போடவில்லை. போடாதவர்களுக்குக் குலுக்கியே பொருத்தம் பார்த்து வைக்கும் என்றார்கள்.

அவள் வீடு ஒன்பதாம் வளையத்தைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது, பதினொன்றையும் தாண்டியது. கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில், பன்னிரண்டாம் வளையத்தின் வெளிச்சுவரை ஒட்டிப் போய் நின்றது. செவ்வந்தி வாசலுக்கு வந்தாள்.

“குலுக்கி, நான் என்ன சமைக்கிறேன்னு பாத்தியா?”

“பார்த்தேன். அதில் எதுவும் தெரியவில்லை. நீங்கள் எல்லாம் சமைக்கிறீர்கள்.”

“குலதெய்வம்?”

“நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை.”

“அப்புறம் எப்படிடா கண்டுபிடிச்ச?”

“இருபத்தெட்டு ஆண்டுகளில் நீங்கள் ஒருவரிடமும் சொந்த ஊரைக் கேட்கவில்லை. உங்களிடம் மற்றவர்கள் சுற்றிவளைத்துக் கேட்டபோது நாற்பத்தொரு முறை பேச்சை மாற்றியிருக்கிறீர்கள். இப்படிப் பேச்சை மாற்றுபவர்கள் இந்த ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருக்கிறார்கள். அனைவரும் இனி உங்கள் அக்கம்பக்கம். பொருத்தம் தொண்ணூற்றெட்டு சதவீதம்.”

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவள் வயதையொத்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்தாள். தொட்டி நாற்றம் அப்படி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

“சாப்டீங்களா?” என்றாள்.

“இல்ல” என்றாள் செவ்வந்தி.

“உள்ள வாங்க.”

வேறு எதையும் அவள் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. செம்மண்ணூரைக் கட்டியவர்கள் அத்தனை ஆசையோடு எழுதிய அந்தச் சட்டம், இப்போது அந்த ஒரு வளையத்தில் மட்டும் ஒழுங்காக நடக்கிறது.